தொப்புள்ல விட்ட எண்ணெய் கண்ணுக்குப் போய்ச் சேருமாங்க?

கேட்டுப்போடுங்க வாத்தியாரே: வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் தபால்லயும் வாட்ஸ்அப்லயும் வந்து சேந்த கேள்வியில பாதிக்கு மேல ஒரே சமாச்சாரந்தானுங்க, தொப்புள். யாரோ பழைய மெசேஜ தூசி தட்டி மறுபடியும் அனுப்ப ஆரம்பிச்சிருக்காங்க போல, பொள்ளாச்சில இருந்து பவானி வரைக்கும் அத்தன பேரு போன்லயும் சுத்திக்கிட்டு இருக்குது, என்ற சம்சாரம் போன்ல மட்டும் மூணு குரூப்புல வந்திருக்குது. அதனால இந்த மாசம் மத்த கேள்விய ஒதுக்கி வெச்சுப்போட்டு இதையே பாத்துப்போடலாம்.

கேள்வி (காங்கேயம் பக்கமிருந்து ஒரு வாசகி): வாத்தியாரய்யா, எங்க அமுச்சிக்கு 74 வயசு. கண்ணுல பிரஷர்னு சொல்லி ரெண்டு வருசமா ராத்திரி படுக்கறப்ப சொட்டு மருந்து விட்டுக்கிட்டு இருந்தாங்க. போன மாசம் எங்க மாமா ஒரு மெசேஜ் அனுப்புனாரு. 62 வயசு ஆளு ஒருத்தருக்கு இடது கண்ணு மங்கிப்போச்சாம், கண்ணுக்குப் போற ரத்தக்குழாய் காஞ்சுபோச்சுன்னு டாக்டருங்க கைய விரிச்சுட்டாங்களாம், தொப்புள்ல எண்ணெய் விட்டதும் சரியாயிருச்சாம். தொப்புளுக்குப் பின்னால 72,000 ரத்தக்குழாய் இருக்குது, எது காஞ்சு கெடக்குதுன்னு தொப்புளுக்கே தெரியும், எண்ணெய அங்க தள்ளிவிட்ரும்னு போட்டிருந்துச்சு. அதப் படிச்சதுல இருந்து அமுச்சி சொட்டு மருந்த நிறுத்திப்போட்டு தெனமும் மூணு சொட்டு தேங்காயெண்ணெய தொப்புள்ல விட்டுத் தேச்சுக்கறாங்க. கண்ணு நல்லாத் தெரியுது, டிவில கீழ ஓடற எழுத்தக்கூட படிச்சுப்போடறேன்ங்கறாங்க. எங்களுது எண்ணெய் மில்லு வேற, எண்ணெய்க்குப் பஞ்சமில்ல. இது நெசமாங்க?

பதில்: அம்மிணி, மொதல்ல பத்திரிகைய மடிச்சு வெச்சுப்போட்டு போயி அமுச்சிக்கு அந்தச் சொட்டு மருந்த விட்டுட்டு வாங்க, மருந்து தீந்துபோயிருந்தா நாளைக்கே கண்ணு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, மீதிய பொறகு படிச்சுக்கலாம்.

விட்டாச்சுங்களா? சரி. கண்ணுல பிரஷர்ங்கறது க்ளாக்கோமா, கண் அழுத்த நோய். கண்ணுக்குள்ள இருக்கற தண்ணி வடியற வழி சரியில்லாம அழுத்தம் ஏறி, கண்ணுல இருந்து மூளைக்குப் போற நரம்ப கொஞ்சங் கொஞ்சமா சாகடிக்கும். வலிக்காது, செவக்காது, ஒண்ணுமே தெரியாது. இதுல பெரிய சூது என்னன்னா பார்வை மொதல்ல ஓரத்துல இருந்துதான் போகும், ஜட்கா குதிரைக்குக் கண்ணுப்பட்டை கட்டுனாப்ல ரெண்டு பக்கமும் சுருங்கிக்கிட்டே வரும், ஆனா நேரா பாக்கறது கடைசி வரைக்கும் பளிச்சுன்னு இருக்கும். அதனால டிவி எழுத்த அமுச்சி படிக்கறாங்கன்னா அது எண்ணெய் வேலை செய்யுதுங்கறதுக்கு அத்தாட்சி இல்லீங்க, அந்த நோயோட கொணமே அதுதான். அவிங்க கதவு நிலைல தோள இடிச்சுக்கறாங்களா, படி எறங்கறப்ப தடவித் தடவி எறங்கறாங்களா, பக்கத்துல வெச்ச டம்ளர தட்டி விடறாங்களான்னு பாருங்க. செத்த நரம்பு திரும்ப முளைக்காது, இருக்கறத காப்பாத்தத்தான் அந்த மருந்து. ஒரு மாசம் விடாம இருந்தா அந்த ஒரு மாசமும் நரம்பு தேஞ்சுக்கிட்டேதான் இருந்திருக்கும், அமுச்சிக்குத் தெரியாமயே.

எனக்குக் கோவம் வர்றது இந்த எடத்துலதான். எண்ணெய்னால அமுச்சிக்கு ஒரு கெடுதலும் இல்ல, தொப்புள் மினுமினுன்னு இருக்கும் அவ்வளவுதான், ஆனா எண்ணெய் வந்து ஒக்காந்த எடத்துல இருந்து மருந்து எந்திரிச்சுப் போயிருச்சு பாருங்க.

இனி தொப்புள் கதைக்கு வருவோம். வயித்துக்குள்ள இருக்கறப்ப புள்ளைக்குச் சாப்பாடு, காத்து எல்லாம் கொடி வழியாத்தான், அதுல யாருக்கும் சந்தேகமில்ல. அந்தக் கொடி சுமாரா அரை மீட்டர் நீளம். உள்ள ஓடறது மொத்தம் மூணே மூணு கொழாய்தானுங்க, நச்சுக்கொடில இருந்து புள்ளைக்கு நல்ல ரத்தம் கொண்டாற ஒண்ணு, புள்ளைகிட்ட இருந்து திரும்ப எடுத்துட்டுப் போற ரெண்டு. மூணுதான். 72,000 எங்க, 3 எங்க.

புள்ள பொறந்து மூச்சு விட்டதுமே அந்தக் கொழாய்க சுருங்கி மூட ஆரம்பிச்சிரும். முழுசா மூடறதுக்கு சில நாளு ஆகும், அதனாலதான் பெரிய ஆஸ்பத்திரில கொறைமாசப் புள்ளைகளுக்கு மொத சில நாள்ல தொப்புள் வழியாவே ஊசிக்குழாய் விட்டு மருந்து ஏத்துவாங்க, அந்தச் சமயத்துல நெசமாவே அது ஒரு வழிதான். ஆனா அதுக்கப்பறம் நல்ல ரத்தம் கொண்டாந்த கொழாய் கல்லீரலுக்குப் போற ஒரு நார்க்கயிறாயிரும், மத்த ரெண்டும் வயித்துச் செவுத்தோட ஒட்டி கீழ எறங்கற கயிறாயிரும். கெணத்து மோட்டரக் கழட்டி, பைப்ப அடைச்சு, மேல சிமெண்டும் பூசுன பொறகு அந்தச் சிமெண்டு மேல ஒருத்தரு தெனமும் மூணு சொட்டு தண்ணி ஊத்தி தோட்டம் நனையுதுன்னு சொன்னா என்ன சொல்லுவீங்க? தொப்புள்ங்கறது நாம எல்லாரும் சொமக்கற மொதல் தழும்பு, அவ்வளவுதானுங்க.

மூடுன கொழாயாட்ட தெரியறது பெரியவங்களுக்கு மறுபடி தெறக்கறதும் உண்டு, அது நல்ல சேதி இல்ல. குடியினாலயோ மஞ்சக்காமாலை கிருமியினாலயோ கல்லீரல் இறுகிப்போய் ரத்தம் உள்ள போக முடியாம முட்டிக்கிட்டு நிக்கறப்ப, தொப்புளச் சுத்தி இருக்கற சின்ன ரத்தக்குழாய்க எல்லாம் பொடச்சுக்கிட்டு பாம்புக்குட்டியாட்ட வெளிய தெரியும். டாக்டருங்க அதப் பாத்தா எண்ணெய் விடச் சொல்ல மாட்டாங்க, ஒடனே பெட்டுல படுக்க வெச்சுருவாங்க.

கண்ணுக்கு ரத்தம் போறது கழுத்துல துடிக்குதே அந்தத் தமனில இருந்து பிரியற ஒரு கெளை வழியா. தொப்புளச் சுத்தியிருக்கற தோலுக்கு ரத்தம் வர்றது நெஞ்சுப் பக்கமிருந்து எறங்கற கொழாயும் தொடை இடுக்குல இருந்து ஏறற கொழாயும் வழியா. ரெண்டுக்கும் நேர் ரோடு கெடையாது. அதவிட முக்கியம், ரத்தக்குழாய் ‘காஞ்சு’ போகாதுங்க. அடைக்கும், வெடிக்கும், சுருங்கும், காயறதுக்கு அது என்ன வாய்க்காலா? எந்தக் கண்ணு டாக்டரும் அப்படி ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டாரு, அந்த 62 வயசுக்காரரு கதைல எனக்கு மொத சந்தேகம் தட்டுனதே அங்கதான்.

அந்த 72,000 எங்கிருந்து வந்துச்சுன்னா, அது பழைய யோகக் கணக்கு. உடம்புல 72,000 நாடி ஓடுதுன்னு ஹட யோக நூல்கள்ல சொல்லியிருக்குது, தொப்புளுக்குக் கீழ ஒரு கெழங்காட்ட எடத்துல இருந்து கெளம்புதும்பாங்க. நாடின்னா அவிங்களுக்குப் பிராணன் ஓடற பாதை, அறுத்துப் பாத்து எண்ணுன ரத்தக்குழாய் இல்ல. இன்னொரு வேடிக்கை, அதுக்கெல்லாம் முந்தின பிருகதாரண்யக உபநிடதத்துலயும் இதே 72,000 வருது, ஆனா அங்க இருதயத்துல இருந்து கெளம்புதுன்னு இருக்குது. மெசேஜ் எழுதுனவரு பழைய ஏட்டுக்கும் உண்மையா இல்ல, புது டாக்டருக்கும் உண்மையா இல்ல. இன்னும் சில மெசேஜ்ல தொப்புளுக்குப் பின்னால ‘பெச்சோட்டி சுரப்பி’ன்னு ஒண்ணு எண்ணெய உறிஞ்சுதுன்னு வருது, உடற்கூறு படிச்ச யாருகிட்டயாவது காட்டச் சொல்லுங்க பாக்கலாம், அப்படி ஒரு சுரப்பியே கெடையாது.

நம்பர விட்டா ஆளு நம்பிருவாங்கங்கறது வாட்ஸ்அப் ஆளுகளுக்கு மட்டும் தெரிஞ்ச வித்தை இல்லீங்க. மனுச ஒடம்புல இருக்கற ரத்தக்குழாய நீட்டி வெச்சா ஒரு லட்சம் கிலோமீட்டர், பூமிய ரெண்டரை சுத்து சுத்தலாம்னு நானே முப்பது வருசம் வகுப்புல சொல்லியிருக்கறேன், புள்ளைக வாயப் பொளந்து கேக்கும். அது 1922-ல டென்மார்க்கு விஞ்ஞானி ஆகஸ்ட் க்ரோக் போட்ட மனக்கணக்கு, அவரு 1920-லயே நோபல் பரிசு வாங்குனவரு, தசையே 50 கிலோ இருக்கற ஒரு பயில்வான வெச்சுக் கணக்குப் போட்டாரு. இப்ப திருப்பிக் கணக்குப் போட்டா அதுல அஞ்சுல ஒரு பங்குகூட தேறாதுங்கறாங்க. ஆக நானும் ஒரு ஃபார்வர்டுதான் முப்பது வருசம் அனுப்பிக்கிட்டு இருந்திருக்கறேன். படிச்ச புள்ளைக மன்னிக்கோணும்.

இனி எண்ணெய். தோலோட மேல்பக்கம் செத்த செல்லு அடுக்கடுக்கா ஓடு வேஞ்சாப்ல இருக்குது, இடுக்குல எல்லாம் கொழுப்பு பூசியிருக்கும். சின்ன மூலக்கூறுதான் அதுக்குள்ள நுழையும். எடைக்கணக்குல சுமாரா 500 டால்டனுக்கு மேல போனா தோலு உள்ள விடறதில்லைன்னு தோல் மருத்துவக்காரங்க வெச்சிருக்கற ஒரு தோராயம். சிகரெட்ட விடறதுக்கு ஒட்டற பட்டைல இருக்கற நிக்கோடின் 162, அதனால போகுது. நெஞ்சுவலிக்கு ஒட்டற நைட்ரோகிளிசரின் 227, போகுது. உங்க மில்லுல ஆடற தேங்காயெண்ணெய்ல அதிகமா இருக்கற லாரிக் அமிலக் கொழுப்பு 640 கிட்ட, வெளக்கெண்ணெய் 930-க்கும் மேல. தோலு மேல விட்ட எண்ணெய் மேலடுக்குலயே நின்னுபோகும். அங்க நின்னு தோல மெதுவாக்கும், வெடிப்ப அடக்கும், அது நெசம், அதுக்குத்தான் காலங்காலமா தேச்சுக்கிட்டு இருக்கறோம். ஆனா அங்கிருந்து முழங்காலுக்கு ஒரு சொட்டு, ஒதட்டுக்கு ஒரு சொட்டு, கணையத்துக்கு ஒரு சொட்டுன்னு பங்கு பிரிச்சு அனுப்பறதுக்கு தொப்புளுக்குள்ள கணக்குப்புள்ள யாரும் ஒக்காந்திருக்கல.

அப்பறம் அந்த மெசேஜ்லயே இன்னொண்ணு வரும், செத்த பொறகும் மூணு மணி நேரம் தொப்புள் மட்டும் சூடாவே இருக்கும்னு. கையி காலு ஒல்லி, சீக்கிரம் ஆறும், வயிறு பெரிய மொடாவாட்ட, மெதுவா ஆறும். அவ்வளவுதான். வயித்துல எங்க தொட்டாலும் சூடாத்தான் இருக்கும். சித்திரை மாசம் ஈரோட்டுல 40 டிகிரிக்கு மேல வெயிலடிக்கறப்ப ஒடம்பு ஆறாது, இன்னும் சூடுதான் ஏறும்.

இவ்வளவு சொல்லிப்போட்டு ஒண்ணு ஒத்துக்கறேன். ராத்திரி வெளக்க அணைச்சுப்போட்டு அமுச்சி மல்லாந்து படுத்து, வெதுவெதுன்னு எண்ணெய வயித்துல வட்டமா தேய்க்கறப்ப சுகமாத்தான் இருக்கும், நெம்பப் பேருக்கு நல்லா தூக்கமும் வரும். அத நிறுத்தச் சொல்லாதீங்க. சொட்டு மருந்து மொதல்ல, எண்ணெய் பொறகு, இந்த வரிசைய மட்டும் மாத்தாம பாத்துக்குங்க. மாமாவுக்கு நான் சொன்னேன்னு சொல்ல வேண்டாம், அமுச்சி கதவு நிலைல இடிச்சுக்கிட்டாங்கன்னு மட்டும் சொல்லுங்க, அவருக்கே ஒறைக்கும்.

கேள்வி (திருப்பூர், பனியன் கம்பெனில செக்கிங் வேலை பாக்கற தம்பி): சார், தெனமும் ராத்திரி தொப்புள்ல பஞ்சு சேருது. கம்பெனில பறக்கற பஞ்சா, இல்ல ஒடம்புக்குள்ள இருந்து வருதா? ரூம்ல பசங்க சிரிக்கறானுங்க.

பதில்: தம்பி, சிரிக்கட்டும் விடுங்க, இதுக்கு சர்வதேச ஆராய்ச்சியே நடந்திருக்குது. ஆஸ்திரேலியாவுல கார்ல் க்ருஸெல்னிக்கின்னு ஒருத்தரு தொப்புள் பஞ்சு பத்தி ஆராய்ஞ்சு 2002-ல இக் நோபல் பரிசு வாங்குனாரு, மொதல்ல சிரிக்க வெச்சு பொறகு யோசிக்க வெக்கற ஆராய்ச்சிக்குக் குடுக்கற பரிசு அது. அப்பறம் வியன்னாவுல கியோர்க் ஸ்டெய்ன்ஹவுசர்னு ஒரு வேதியியல்காரரு தன்னோட தொப்புள்லயே 503 உருண்டை சேத்து வெச்சு 2009-ல கட்டுரை போட்டாரு. பனியன்ல இருந்து தேயற நூல வயித்து முடி வலைபோட்டுப் புடிச்சு தொப்புளுக்குத் தள்ளுது, அதோட தோல் துகளு, வேர்வை, தூசி எல்லாம் சேந்து உருண்டையாகுது. அங்க முடிய சவரம் பண்ணுனதும் பஞ்சு சேர்றது நின்னுபோச்சுன்னும் எழுதியிருக்காரு. புது பனியன்ல நெறைய உதிரும், தொவைச்சுத் தொவைச்சுப் பழசானதுல கம்மி. உங்களுக்குக் கம்பெனில வேற பறக்குது, உங்க தொப்புள்ல இன்னும் நூல்மில்லு ஆரம்பிக்காம இருக்கறதே பெருசு. குளிக்கறப்ப சோப்புத் தண்ணி விட்டு வெரல்ல தொடச்சு, நல்லா ஒணத்திருங்க. நாத்தமோ, செவப்போ, நீர் வடியறதோ இருந்தா டாக்டர பாருங்க.

ஒரு உபரித் தகவல்: 2012-ல அமெரிக்காவுல 60 பேரு தொப்புள்ல பஞ்சுக்குச்சி விட்டு எடுத்துப் பாத்தா 2,368 வகை பாக்டீரியா. அதுல பெரும்பாலானது ஆளுக்கு ஆளு வேற வேற, எல்லாத்துக்கிட்டயும் இருக்கறது கொஞ்ச வகைதான். ரூம்ல சிரிக்கறவனுங்ககிட்ட இதச் சொல்லுங்க.

கேள்வி (கோபி, புதுசா அம்மாவான ஒரு வாசகி): கொழந்தை பொறந்து ஆறு நாளாச்சுங்க. கொடி இன்னும் விழுகல. நர்சு ஒண்ணும் போட வேண்டாம்னாங்க. எங்க அத்தை மஞ்சளும் வெளக்கெண்ணெயும் வெச்சா சீக்கிரம் காஞ்சு விழுந்துரும்ங்கறாங்க. யாரு பேச்சக் கேக்கறது?

பதில்: நர்சு பேச்சக் கேளுங்க கண்ணு. மேல சொன்னேனுங்களே, பெரியவங்க தொப்புள் மூடுன பைப்புன்னு, ஆறு நாள் கொழந்தைக்கு அது இன்னும் முழுசா மூடல. பெரியவங்களுக்குச் சும்மா இருக்கற எண்ணெய் பச்சப்புள்ளைக்குக் கிருமிய உள்ள கூட்டிட்டுப் போயிரும். அந்தக் காலத்துல பொறந்து ஒரு வாரத்துல புள்ளைக வெறைச்சுச் செத்துப்போனது நெம்ப இருந்துச்சு, வாய் தெறக்காது, பால் குடிக்காது, அது டெட்டனஸ்ங்க, அழுக்குக் கத்தியும் கொடில வெச்ச சாணி, சாம்பலும் பண்ணுன வேலை. கர்ப்பத்துல ரெண்டு ஊசி போட்டும், ஆஸ்பத்திரில பிரசவம் பாத்தும், கொடிய சுத்தமா ஒணக்கையா விட்டும் 2015-ல இந்தியாவுல அத ஒழிச்சாச்சுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுச்சு. காத்தாட விடுங்க, நாப்கின கொடிக்குக் கீழ மடிச்சுக் கட்டுங்க, ஒண்ணு ரெண்டு வாரத்துல தானா விழும். சுத்தி செவந்தாலோ, சீழு வந்தாலோ, புள்ள பால் குடிக்காம சொணங்குனாலோ ராத்திரி ரெண்டு மணியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்க.

அத்தைய ஒதுக்கிப்போட வேண்டாம், பாவம். எண்ணெய் தேச்சு ஒடம்பு புடிச்சு விடற வேலைய டாக்டர கேட்டுப்போட்டு அவிங்ககிட்டயே குடுங்க, கொடிய மட்டும் தொட வேண்டாம்னு சொல்லுங்க.

கேள்வி (பல்லடம் பக்கம், தறி ஓட்டறவரு): வெயில் காலத்துல ஒண்ணுக்குப் போனா எரியுதுங்க. எங்கய்யன் காலத்துல இருந்து தொப்புள்லயும் கால் பெருவிரல்லயும் வெளக்கெண்ணெய் வெப்போம், ஒரு மணி நேரத்துல கேக்குது. இது பொய்யின்னு சொல்லாதீங்க, நான் அனுபவிச்சது.

பதில்: பொய்யின்னு சொல்ல மாட்டனுங்க, கேக்குதுன்னா கேக்குதுதான். ஆனா எண்ணெய் வெச்சுப்போட்டு நீங்க வேற என்ன பண்ணுனீங்கன்னு யோசிச்சுப் பாருங்க. தறி ஷெட்டுல வேர்த்து ஊத்தி தண்ணி குடிக்காம நின்னதுல மூத்தரம் கெட்டியாயி எரிஞ்சுது. சூடு புடிச்சுக்கிச்சுன்னு ஊட்டுக்கு வந்து எண்ணெய் வெச்சு, பேனுக்கடில ஒக்காந்து, ஆத்தா குடுத்த மோரு ரெண்டு சொம்பு குடிச்சிருப்பீங்க. ஒரு மணி நேரத்துல நல்லாப் போச்சு. பேரு எண்ணெய்க்கு, வேலை பாத்தது மோரு. அடுத்த வாட்டி எண்ணெய் வெக்காம மோரு மட்டும் குடிச்சுப் பாருங்க, எனக்கும் ஒரு லெட்டர் போடுங்க.

குளுரு காச்சல், இடுப்புல வலி, மூத்தரத்துல ரத்தம்னு இருந்தா மோரும் வேண்டாம் எண்ணெயும் வேண்டாம், நேரா டெஸ்ட்டுக்குப் போங்க. சக்கரை இருக்கறவங்க காத்திருக்கவே கூடாது.

வெளக்கெண்ணெய் பேச்சு வந்ததால சொல்றேன். அது உள்ளுக்குக் குடிச்சா நெசமாவே பேதியாகும், அதுல மாயம் இல்ல. குடல்ல போனதும் ஒடைஞ்சு ரிசினோலிக் அமிலம் வெளிய வருது, அது குடல் தசைல இருக்கற ஒரு பூட்டத் தெறந்து குடல முறுக்கித் தள்ளுது. எந்தப் பூட்டுன்னு 2012-ல ஜெர்மனில எலிய வெச்சுக் கண்டுபுடிச்சாங்க, அந்தப் பூட்டு இல்லாத எலிக்கு வெளக்கெண்ணெய் ஊத்துனாலும் பேதியாகல. கொட்டமுத்து எண்ணெய்க்கு நம்ம ஆத்தாளுகளுக்குத் தெரிஞ்ச கொணம் உண்மைதான், ஆனா அது வாய் வழியா போகோணும். தொப்புள் வழியா பேதியானவங்க யாராவது இருந்தா எனக்கு எழுதுங்க.

கேள்வி (தாராபுரம், ஒரு பெரியம்மா): புள்ளைகளுக்குக் குடலேத்தம்னா தொப்புளச் சுத்தி எண்ணெய் தேச்சு நீவி விடறோம். அதுவும் தப்பா சாமி?

பதில்: பெரியம்மா, இந்தக் கேள்விக்கு நான் சட்டையத் தூக்கித்தான் பதில் சொல்லோணும், என்ற வயித்துல வலது பக்கம் ஒரு நீளத் தழும்பு இருக்குது.

எனக்கு பதிமூணு வயசு இருக்கும். பொழுதோட வெளையாடிட்டு வந்து தொப்புளச் சுத்தி வலிக்குதுன்னேன். அமுச்சி குடலேத்தம்னுச்சு, அடுப்புல எண்ணெய வெதுப்பி தொப்புள்ல ஊத்தி, அடிவயித்துல இருந்து மேல நீவுச்சு. நல்ல கையி அதுது, சுத்துவட்டாரத்துல எத்தனையோ புள்ளைகளுக்குச் சரிப்பண்ணுன கையி. ராத்திரி வலி வலது பக்கம் கீழ எறங்குச்சு, வாந்தி வந்துச்சு. வயித்துல அழுக்கு இருக்குதுன்னு காலைல வெளக்கெண்ணெய் குடுத்துச்சு. மத்தியானம் வாக்குல திடீர்னு வலி கொறஞ்சுது, எல்லாருக்கும் சந்தோசம், அமுச்சி சாமிக்கு வெளக்குப் போட்டுச்சு. கொறஞ்சது எண்ணெய்னால இல்ல, குடல்வால் வெடிச்சுப் போச்சு. ராத்திரி காச்சல்ல ஒளற ஆரம்பிச்சதும் அய்யன் பக்கத்து ஊர்ல இருந்து ஒரு காரப் புடிச்சுக் கொண்டுபோய்ச் சேத்துனாரு, வயிறு பூராம் சீழு. பதினெட்டு நாள் படுத்துக் கெடந்தேன். அமுச்சி அந்தப் பதினெட்டு நாளும் ஆஸ்பத்திரி வராண்டால ஒக்காந்திருந்துச்சு, உள்ள வந்து என்ற மொகத்தப் பாக்கவே இல்ல.

ஏன் அப்படி ஏமாந்தோம்ங்கறத நான் காலேஜ்ல படிச்சப்பதான் தெரிஞ்சுக்கிட்டேன். தொப்புள் மட்டத்துத் தோலுக்கு வர்ற நரம்பு முதுகுத்தண்டுல நெஞ்சுப் பகுதியோட பத்தாவது கணு பக்கம் சேருது. குடல்வாலுக்குப் போற நரம்பும் அதே கணு பக்கந்தான் போய்ச் சேருது. மூளைக்கு உள்ளுக்குள்ள எது வலிக்குதுன்னு சரியாத் தெரியாது, ஒரே கம்பத்துல வந்த ரெண்டு லைனு, தெரிஞ்ச வெலாசமான தொப்புள் பேரச் சொல்லிப்போடுது. பொறகு வீக்கம் வயித்தோட உள்சவ்வத் தொட்டதும் சரியான எடம் தெரியுது, வலி வலது பக்கம் எறங்கிருச்சும்போம். வலி எறங்கல, விலாசம் இப்பத்தான் சரியாச்சு.

அதனால பெரியம்மா, வாயு வலிக்கு வெதுவெதுன்னு தேச்சு விடறது தப்பில்ல, சொகமா இருக்கும். ஆனா தொப்புளச் சுத்தி ஆரம்பிச்ச வலி ஆறு மணி நேரத்துக்கு மேல நின்னா, வலது பக்கம் கீழ போனா, வாந்தி காச்சல் வந்தா, நடந்தா குலுங்கறப்ப வலிச்சா, நீவாதீங்க, பேதிக்குக் குடுக்காதீங்க, சாப்பிடவும் குடுக்காம கெளம்புங்க. நல்லா வலிச்சுக்கிட்டு இருந்தது பொட்டுன்னு நின்னுபோச்சுன்னா அப்பத்தான் நெம்ப வெசனப்படோணும்.

கேள்வி (கோயமுத்தூர், பேரு வேண்டாம்னு எழுதியிருக்காரு): நம்ம பாரம்பரியத்துல எதச் சொன்னாலும் மறுக்கறதுதான் உங்க வேலையா? மருந்துக் கம்பெனிக்காரங்க எவ்வளவு குடுத்தாங்க?

பதில்: ஒரு ரூவாயும் வரலீங்க, வந்தா உங்களுக்கும் பங்கு குடுக்கறேன். நம்ம எண்ணெய்க்கு நல்ல பேரு வாங்கிக் குடுத்த ஆராய்ச்சியும் இருக்குது, அதயும் சொல்லிப்போடறேன். பிலிப்பைன்ஸ்ல 2014-ல 117 கொழந்தைகளுக்கு, தோல் வறண்டு அரிக்குமே அந்த எக்ஸீமாவுக்கு, ஒரு பாதிக்கு வெர்ஜின் தேங்காயெண்ணெயும் மறு பாதிக்கு மினரல் ஆயிலும் எட்டு வாரம் தடவிப் பாத்தாங்க. தேங்காயெண்ணெய் ஜெயிச்சுது. பங்களாதேஷ்ல கொறைமாசத்துல பொறந்த புள்ளைகளுக்கு சூரியகாந்தி எண்ணெய் ஒடம்பு பூராம் தேச்சதுல ரத்தத்துல கிருமி பரவறது கொறஞ்சுது, அதுகளோட தோலு இன்னும் ஓடு வேயாத கூரையாட்ட, எண்ணெய் அங்க கூரையா நின்னுச்சு. ரெண்டுலயும் எண்ணெய் வேலை பாத்தது தேச்ச எடத்துலயே, தோலுலயே. ‘பாரம்பரியம்’னு நீங்க எழுதியிருக்கறீங்க, உங்க அப்பாரு வேர்க்குருவுக்கும் பித்தவெடிப்புக்கும் எண்ணெய் தடவியிருப்பாரு, கண்ணு நரம்புக்கு 72,000 கணக்குச் சொல்லியிருக்க மாட்டாரு. அந்தக் கணக்கு உங்க ஊட்டுக்கு போன் வந்த பொறகு வந்தது.

கேள்வி (அவிநாசி, ஒரு வாசகி): அந்த மெசேஜப் பாத்துப்போட்டு தொப்புளுக்குன்னே தேங்காயெண்ணெய், வெளக்கெண்ணெய், வேப்பெண்ணெய், கடுகெண்ணெய்னு நாலு பாட்டில் வாங்கி வெச்சுட்டேனுங்க. இப்ப என்ன பண்றது?

பதில்: தேங்காயெண்ணெய தலைக்கு வெச்சுக்குங்க. வெளக்கெண்ணெய தொவரம்பருப்புல பெசறி வெயில்ல காய வெச்சு எடுத்து வெச்சா பூச்சி விழுகாது. வேப்பெண்ணெய்ல ரெண்டு ஸ்பூனு எடுத்து சோப்புத் தண்ணில கலக்கி செம்பருத்திக்கு அடிங்க, மாவுப்பூச்சி கட்டுப்படும், பொழுது எறங்குன பொறகு அடிக்கோணும், வெயில்ல அடிச்சா எலை கருகிரும். கடுகெண்ணெய்க்கு எனக்கு ஒண்ணும் தோணலீங்க, வடக்க இருந்து வந்து பக்கத்துல குடியிருக்கற குடும்பம் ஏதாவது இருந்தா குடுங்க, மீன் கொழம்பு வெச்சு ஒரு கிண்ணம் கொண்டாந்து குடுப்பாங்க.